கோச் கூப்பிடுகிறாரா, இல்லையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன: ஹைஸ்கூலில் பிள்ளை விளையாடுவது கல்லூரி அட்மிஷனுக்கு எவ்வளவு உதவும்? அதனால் இந்தப் பகுதியை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். என் மகள் நீச்சல் வீராங்கனை. ஆறு வருடம் சனிக்கிழமை விடியற்காலைகளில் குளத்தோரம் ஸ்டாப்வாட்சோடு நின்று நேரம் குறித்திருக்கிறேன், அவளுடைய ரெக்ரூட்டிங் காலத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த அனுபவத்தையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: வணக்கம் அக்கா. என் மகன் பத்தாம் வகுப்பு. ஒன்பதாவதிலிருந்தே வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதன்மை, டென்னிஸ் டீமில் இருக்கிறான். வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி, சனி ஞாயிறு டோர்னமென்ட். படிப்பிலும் கெட்டி. "ஸ்போர்ட்ஸ் இருந்தால் ஐவி லீக் சுலபம்" என்று நண்பர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையா?
— ஒரு அம்மா, நியூ ஜெர்சி

பதில்: பாதி உண்மைங்க. அந்தப் பாதி உங்கள் மகனுக்குப் பொருந்துமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் விளையாட்டு இரண்டு வழியாகப் போகிறது. ஒன்று, கல்லூரி கோச் "இந்தப் பையன் எனக்கு வேண்டும்" என்று அட்மிஷன் ஆபீஸில் பெயர் கொடுப்பது. இதுதான் ரெக்ரூட் ஆவது. இன்னொன்று, கோச்சுக்கு உங்கள் மகனைத் தெரியவே தெரியாது, விண்ணப்பத்தில் மட்டும் "வார்சிட்டி டென்னிஸ், நான்கு வருடம்" என்று எழுதியிருப்பது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும், இரண்டு பிள்ளைகளும் டென்னிஸ் ஆடியவர்கள்தானே. ஆனால் பலன் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

எவ்வளவு வித்தியாசம் என்பது ஹார்வர்ட் மீது நடந்த வழக்கில் வெளியே வந்தது. 2023இல் உச்ச நீதிமன்றம் இன அடிப்படையிலான அட்மிஷனுக்கு முற்றுப்புள்ளி வைத்ததே, அதே வழக்குதான். அதில் தாக்கலான புள்ளிவிவரங்களின்படி, ரெக்ரூட் செய்யப்பட்ட விளையாட்டு வீரர்களில் சுமார் 86 சதவீதம் பேருக்கு ஹார்வர்டில் இடம் கிடைத்தது. விளையாட்டு, பெற்றோர் அங்கே படித்தவர்கள் போன்ற எந்தச் சலுகையும் இல்லாத மற்றவர்களில் 6 சதவீதம் பேருக்குக்கூடக் கிடைக்கவில்லை. நண்பர்கள் சொல்வதற்கு ஆதாரம் இதுதான். ஆனால் அந்த 86 சதவீதத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்பே வடிகட்டப்பட்டவர்கள். பதினொன்றாவது முடிந்த கோடையில் கோச் அந்தப் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை வாங்கி அட்மிஷன் ஆபீஸில் காட்டுவார், இதற்கு 'ப்ரீ-ரீட்' என்று பெயர். அவர்கள் தலையாட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த ஐவி லீகில் இதற்கென்று மதிப்பெண்ணையும் டெஸ்ட் ஸ்கோரையும் சேர்த்து ஒரு கல்விக் குறியீட்டு எண்ணே போடுகிறார்கள், ரெக்ரூட் ஆகும் வீரர்களின் சராசரி கல்லூரியின் சராசரியை விட்டு ரொம்பக் கீழே போகக் கூடாது. எல்லாம் சரியாக வந்தால் அக்டோபரிலிருந்தே 'லைக்லி லெட்டர்' வரத் தொடங்கும், "பெரும்பாலும் இடம் உறுதி" என்று சொல்லும் கடிதம்.

கோச் கேட்காத பிள்ளைக்கு? பல கல்லூரிகளுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்தில் படிப்புக்கு வெளியே செய்ததைச் சொல்ல பத்து இடங்கள் உண்டு, ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். டென்னிஸ் அந்தப் பத்தில் ஒன்று. கேப்டனாக இருந்தான், சின்னப் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுத்தான் என்றால் நன்றாகவே இருக்கும். ஆனால் ரோபாட்டிக்ஸுக்கும் மிருதங்கத்துக்கும் என்ன மதிப்போ அதே மதிப்புதான், கூடுதல் தராசு எதுவும் கிடையாது.

சரி, உங்கள் மகன் எந்தப் பக்கம்? டென்னிஸில் அதைக் கண்டுபிடிப்பது சுலபம், ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் யுடிஆர் எண் இருக்கிறது. பள்ளி டீமில் முதல் இடத்தில் ஆடுகிறான் என்பது கல்லூரி கோச்சுகளுக்குப் பெரிதாக ஒன்றும் சொல்லாது, அவர்கள் பார்ப்பது யுடிஆரையும் வெளி டோர்னமென்ட் முடிவுகளையும்தான். அவன் ஆசைப்படும் கல்லூரியின் டீம் பட்டியல் அந்தக் கல்லூரியின் தளத்திலேயே இருக்கும். ஒவ்வொருவர் பெயராக யுடிஆரில் போட்டுப் பாருங்கள். அப்போதே இன்னொன்றையும் கவனிப்பீர்கள்: பல டீம்களில் பாதிப் பேர் ஐரோப்பா, தென் அமெரிக்காவிலிருந்து வந்த பையன்களாக இருப்பார்கள். டென்னிஸில் போட்டி உங்கள் மாவட்டத்தோடு முடிவதில்லை. டீமில் கடைசி இடத்தில் இருப்பவனைவிட உங்கள் மகனின் எண் ரொம்பக் கீழே இருந்தால், அந்தக் கல்லூரியைப் பொறுத்தவரை அவன் இரண்டாவது வழியில்தான் போகிறான். அதைப் பத்தாவதிலேயே தெரிந்துகொள்வது நல்லது. இன்னும் இரண்டு வருடம், எத்தனையோ ஆயிரம் டாலர், எத்தனையோ வார இறுதிகள் மிச்சம் இருக்கின்றன.

அந்தக் கல்லூரி இல்லையென்றால் எதுவுமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவில் மூன்று டிவிஷன்கள் உண்டு. மூன்றாவது டிவிஷன் என்றால் நம்மவர்கள் மூன்றாந்தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், அது பெரிய தப்பு. எம்ஐடி, கால்டெக், சிகாகோ, கார்னெகி மெலன், எமரி, நியூ யார்க் பல்கலைக்கழகம், வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் எல்லாமே டிவிஷன் மூன்றுதான். அங்கேயும் கோச் பேச்சுக்கு மதிப்பு உண்டு, கல்லூரிக்குக் கல்லூரி அளவு மாறும். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி சின்னக் கல்லூரிகளில் கோச்சின் ஆதரவு ரொம்பக் கனமானது. எம்ஐடியில் கோச் ஒரு வார்த்தை சொல்லலாம், ஆனால் முடிவு முழுக்க அட்மிஷன் ஆபீஸின் கையில்.

கேள்வி: மகள் 400 மீட்டர் ஓடுகிறாள், பள்ளியில் அவள்தான் முதலிடம். நாங்கள் எச்-4 விசாவில் இருக்கும் குடும்பம், கல்லூரிச் செலவை நினைத்தாலே தூக்கம் வருவதில்லை. ஸ்போர்ட்ஸில் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்க வாய்ப்பு உண்டா?
— ஒரு அப்பா, டெக்சாஸ்

பதில்: முதலில் நல்ல செய்தி. விசா இதற்குத் தடையில்லை. மத்திய அரசின் கல்வி உதவி எச்-4 பிள்ளைகளுக்குக் கிடைக்காது, ஆனால் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கல்லூரி தன் பணத்திலிருந்து தருவது. வெளிநாட்டிலிருந்து நேரே வரும் பிள்ளைகளுக்கே தருகிறார்கள்.

அடுத்தது கொஞ்சம் கசப்பு. ஹைஸ்கூலில் விளையாடுபவர்களில் கல்லூரியில் ஏதாவது ஒரு விளையாட்டு ஸ்காலர்ஷிப் பெறுபவர்கள் சுமார் 2 சதவீதம் என்று என்சிஏஏவே சொல்கிறது. அந்த 2 சதவீதத்திலும் முழுச் செலவும் கிடைப்பவர்கள் குறைவு. ட்ராக்கை எடுத்துக்கொள்ளுங்கள்: பல வருடங்களாக டிவிஷன் ஒன்றில் பெண்கள் ட்ராக், க்ராஸ் கன்ட்ரி இரண்டுக்கும் சேர்த்து ஒரு கல்லூரி 18 ஸ்காலர்ஷிப்தான் தரலாம் என்று விதி இருந்தது. ஓடுபவர், தாண்டுபவர், எறிபவர் என்று அதைவிட மிக அதிகம் பேர் இருக்கும் டீமில் அதைத் துண்டு போட்டுத்தான் பங்கிடுவார்கள். ஒருத்திக்குக் கால் பங்கு, இன்னொருத்திக்குப் புத்தகச் செலவு, பலருக்கு ஒன்றும் இல்லை.

2025 ஜூனில் இந்த விதியே மாறிவிட்டது. வீரர்கள் என்சிஏஏ மீது போட்ட ஹவுஸ் வழக்கு என்று செய்தியில் பார்த்திருப்பீர்கள். அதில் வந்த சமரசத்தின்படி, அதை ஏற்றுக்கொண்ட டிவிஷன் ஒன்று கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு போய், டீமில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற வரம்பு வந்துவிட்டது. ட்ராக்குக்கு 45 பேர். காகிதத்தில் அந்த 45 பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப் தரலாம். நடைமுறையில் எந்தக் கல்லூரியிடம் அவ்வளவு பணம் இருக்கிறது? வீரர்களுக்கு நேரடியாகவே பணம் பங்கிட இப்போது அனுமதி, 2025-26இல் ஒரு கல்லூரிக்கு சுமார் 20.5 மில்லியன் டாலர் வரை. அதில் பெரும்பகுதி ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. கை கடிக்கிறது என்று சில இடங்களில் மற்ற விளையாட்டுகளையே மூடுகிறார்கள், கலிபோர்னியாவில் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் தன் நீச்சல் அணிகளை நிறுத்தியது. ஐவி லீக் கல்லூரிகள் இந்தச் சமரசத்தில் சேரவில்லை. அங்கே விளையாட்டு ஸ்காலர்ஷிப் என்ற பேச்சே கிடையாது, குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் உதவி. டிவிஷன் மூன்றிலும் விளையாட்டுக்கென்று பணம் தரக் கூடாது, ஆனால் படிப்புக்கான மெரிட் உதவி தாராளமாகத் தரும் கல்லூரிகள் அங்கே நிறைய.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஸ்காலர்ஷிப்பை வீட்டு பட்ஜெட்டில் வரவாக எழுத மாட்டேன். மகளின் நேரத்தை, அவள் நினைக்கும் கல்லூரிகள் ஆடும் கான்ஃபரன்ஸின் (கல்லூரிகள் சேர்ந்த லீகின்) போட்டியில் போன வருடம் 400 மீட்டர் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பேன், முடிவுகள் எல்லாம் இணையத்தில் கிடைக்கின்றன. ட்ராக்கில் உள்ள பெரிய நியாயம் அதுதான், கடிகாரத்துக்கு அப்பா அம்மாவைத் தெரியாது. டிவிஷன் இரண்டையும், என்சிஏஏவுக்கு வெளியே தனி அமைப்பான என்ஏஐஏவின் கல்லூரிகளையும் சேர்த்துப் பாருங்கள், அங்கேயும் ஸ்காலர்ஷிப் உண்டு. பேச்சு எழுத்து வரைக்கும் வந்தால், இது ஒரு வருடத்துக்கா நான்கு வருடத்துக்கா, அடிபட்டால் என்ன ஆகும் என்று இரண்டையும் வெட்கப்படாமல் கேளுங்கள். வாய் வார்த்தையாகச் சொன்ன எதுவும் இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தாது.

கேள்வி: ஹாய் ஆன்ட்டி, நான் பதினொன்றாம் வகுப்பு. பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்துகிறேன். கோச்சுகளுக்கு மெயில் எழுத வேண்டும் என்று சொல்கிறார்கள், எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்பா தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
— ஒரு மாணவி, கலிபோர்னியா

பதில்: வேண்டாம்மா. அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லிவிடு.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் மகளின் முதல் மெயிலை எழுதியது நான்தான். மூன்று பத்தி, அவளுடைய விடாமுயற்சி பற்றி, கல்லூரியின் பெருமை பற்றி, நேரம் எங்கோ கடைசி வரியில். எட்டு கோச்சுகளுக்குப் போயிற்று, ஒருவரும் பதில் போடவில்லை. இரண்டு வாரம் கழித்து அவளே தன் ஃபோனில் ஆறு வரி அடித்து அனுப்பினாள்: பெயர், எந்த வருடம் முடிக்கிறேன், 100 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் என் நேரம் 1:06, ஒரு வருடத்துக்கு முன் 1:10, ஜிபிஏ இவ்வளவு, உங்கள் டீமில் இந்த நீச்சலில் அடுத்த வருடம் இரண்டு பேர் முடித்துப் போகிறார்கள் என்று பார்த்தேன், பேச முடியுமா? மறுநாளே மூன்று பேர் பதில் போட்டார்கள். கோச்சுகளுக்குத் தினமும் குவியும் மெயில்களில் எது பெற்றோர் எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது உன் எண்களும், நான்கு வருடம் நேருக்கு நேர் பேசக்கூடிய ஒரு ஆளும்.

உன் விளையாட்டில் டிவிஷன் ஒன்று கோச்சுகள் பத்தாவது முடிந்த பிறகு வரும் ஜூன் 15லிருந்து உனக்குப் பதில் எழுதலாம், பேசலாம். அந்தத் தேதி தாண்டிவிட்டது, அதனால் இன்றே எழுது. பதில்களைப் படிக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும். "எங்கள் கேம்ப்புக்கு வா" என்று மட்டும் வந்தால் அது பெரும்பாலும் விளம்பரம், நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிருக்கும். "மதிப்பெண் பட்டியலை அனுப்பு" என்றால் அங்கே உண்மையான அக்கறை இருக்கிறது. "தொடர்ந்து தகவல் சொல்லு" என்றால் இப்போதைக்கு உன் நேரம் போதவில்லை, ஆனால் கதவு முழுக்க மூடவில்லை. மூன்று மாதம் கழித்து நேரம் குறைந்தால் மறுபடி எழுது.

அப்புறம் ஒரு கேள்வி இருக்கிறது, எல்லோரும் கேட்கப் பயப்படுவது. "அட்மிஷன் ஆபீஸில் எனக்காக ஆதரவு தருவீர்களா?" என் மகள் அதைத் துணி துவைக்கும் அறையில் தரையில் உட்கார்ந்து ஃபோனில் கேட்டாள், கதவுக்கு வெளியே நான் மடித்த துண்டையே மறுபடி மடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அந்த கோச் சொன்னார், "நீயாக உள்ளே வந்துவிட்டால் டீமில் சேர்த்துக்கொள்கிறேன், ஆனால் அட்மிஷனில் என் ஆதரவை வேறு இரண்டு பேருக்கு வைத்திருக்கிறேன்." அதுவரை ஐந்து மாதம் அவ்வளவு அன்பாகப் பேசிவந்தவர். அவள் அன்றிரவு அழுதாள். ஆனால் அந்த ஒரு பதில் இல்லாவிட்டால் அந்தக் கல்லூரிக்கு எர்லி டிசிஷன் (இடம் கிடைத்தால் கட்டாயம் சேர வேண்டிய முன்கூட்டிய விண்ணப்பம்) போட்டு, அந்த ஒரே வாய்ப்பை வீணடித்திருப்போம். அதற்குப் பதிலாக, ப்ரீ-ரீட் முடித்து "ஆமாம், உனக்காகப் பேசுவேன்" என்று நேராகச் சொன்ன ஒரு டிவிஷன் மூன்று கல்லூரிக்குப் போட்டாள், கிடைத்தது.

டிவிஷன் ஒன்று, இரண்டுக்குப் போகும் எண்ணம் இருந்தால் என்சிஏஏ தகுதி மையத்தில் பதிவு செய்துவிடு. 16 முக்கியப் பாடங்கள் முடித்திருக்க வேண்டும், டிவிஷன் ஒன்றுக்கு அதில் பத்தைப் பன்னிரண்டாவது தொடங்கும் முன்பே. எஸ்ஏடி போன்ற நுழைவுத் தேர்வுக் கட்டாயத்தை என்சிஏஏ 2023இல் நீக்கிவிட்டது, ஆனால் கல்லூரி தனியாகக் கேட்கலாம், அதை மறக்காதே.

கேள்வி: மகள் பேட்மிண்டன், மகன் செஸ். இரண்டுக்கும் ரெக்ரூட்டிங் உண்டா?
— ஒரு வாசகர், இல்லினாய்ஸ்

பதில்: பேட்மிண்டன் என்சிஏஏ விளையாட்டு அல்ல, கிரிக்கெட்டும் அப்படித்தான். கல்லூரிகளில் கிளப்பாக ஆடுவார்கள், நல்ல நட்பு கிடைக்கும், ஆனால் பெரும்பாலும் அட்மிஷன் ஆபீஸில் பெயர் கொடுக்க சம்பளம் வாங்கும் கோச் என்று யாரும் இருக்க மாட்டார். செஸ்ஸும் என்சிஏஏவில் இல்லை என்றாலும் அங்கே கதை வேறு. டாலஸில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகம், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் போன்ற சில இடங்கள் செஸ்ஸுக்கென்றே ஸ்காலர்ஷிப் தந்து டீம் நடத்துகின்றன. அவர்கள் தேடுவது கிராண்ட்மாஸ்டர் அளவு ஆட்டக்காரர்களை. மகன் அந்தப் பக்கம் வளர்கிறான் என்றால் நேரடியாகவே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தெரிந்த ஒரு கன்சல்டன்ட், கோச்சுகளைத் தனக்கு நேரில் தெரியும், மகனுக்கு ஒரு "ஸ்போர்ட்ஸ் ப்ரொஃபைல்" தயாரித்துத் தருகிறேன் என்று பெரிய தொகை கேட்கிறார். மகன் அவ்வளவாக விளையாடுவதில்லை. கொடுக்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: ஒரு டாலர்கூடக் கொடுக்காதீர்கள். விளையாடாத பிள்ளைக்கு விளையாட்டு ப்ரொஃபைல் என்றால் அது மோசடி. 2019 மார்ச்சில் வெடித்த வழக்கு இதுவேதான். ரிக் சிங்கர் என்ற ஆலோசகர், வாட்டர் போலோவும் படகோட்டமும் அறியாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டி, படங்களை வெட்டி ஒட்டி, கோச்சுகளுக்குப் பணம் கொடுத்துப் பெயர் கொடுக்க வைத்தார். பெற்றோர்கள் சிறைக்குப் போனார்கள், அவருக்கு 2023இல் மூன்றரை வருடத் தண்டனை. உங்கள் மகனை அவனுக்கே தெரியாமல் ஒரு பொய்க்குள் இழுத்துவிடாதீர்கள். நேர்மையான ஆலோசகர்களும் இருக்கிறார்கள், ஆனால் நான் பார்த்தவரை கோச்சிடம் நேரே எழுதுவதற்கு இடையில் யாரும் தேவைப்பட்டதில்லை.

கேள்வி: மகள் பதினொன்றாவது. மூன்று வருடமாக க்ராஸ் கன்ட்ரி ஓடுகிறாள். இப்போது திடீரென்று நிறுத்த வேண்டும் என்கிறாள். நேரம் முன்பைவிட மோசமாகிவிட்டது, எப்போதும் களைப்பு, கணுக்காலுக்கு மேலே வலி என்கிறாள். இத்தனை வருடம் ஓடிவிட்டு இப்போது விட்டால் விண்ணப்பத்தில் கறையாகத் தெரியாதா? இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொள் என்கிறோம்.
— ஒரு அம்மா, மிச்சிகன்

பதில்: விண்ணப்பத்தை ஒரு நிமிடம் ஓரமாக வையுங்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு மூன்று விஷயங்கள்: களைப்பு, நேரம் மோசமாவது, எலும்பில் வலி. நீண்ட தூரம் ஓடும் வளரும் பெண்பிள்ளைகளிடம் இந்த மூன்றும் சேர்ந்து வந்தால், ஓடும் அளவுக்குச் சாப்பாடு போதவில்லையோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவார்கள். உடம்புக்குச் சக்தி போதாதபோது மாதவிலக்கு தள்ளிப்போகும் அல்லது நின்றுவிடும், எலும்பு பலவீனமாகி மெல்லிய விரிசல் விழும். இரும்புச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம், அது ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ஒழுங்காக மாதவிலக்கு வருகிறதா என்று மகளிடம் கேட்டீர்களா? நம் வீடுகளில் அதைப் பேசத் தயங்குவோம். சில டீம்களில் மாதவிலக்கு நின்றால் நன்றாகப் பயிற்சி செய்வதன் அடையாளம் என்றுகூடப் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ரொம்ப ஆபத்தான பேச்சு அது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினால் விரிசல் முறிவாகலாம்.

இனி விண்ணப்பம். எந்தக் கல்லூரி கோச்சாவது அவளோடு தொடர்பில் இருக்கிறாரா? நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை, அதனால் இல்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் ஓட்டம் அவளுக்கு அந்தப் பத்து இடங்களில் ஒன்று. மூன்று வருடம் ஓடினாள் என்று அதில் உண்மையாகவே எழுதலாம், நான்காவது வருடம் இல்லாததற்காக யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். உடம்பு காரணம் என்றால் 'கூடுதல் தகவல்' பகுதியில் இரண்டு வரி எழுதிவிட்டால் போதும். சிகிச்சைக்குப் பிறகு அவளுக்கே மறுபடி ஓட ஆசை வரலாம், வராமலும் போகலாம். அப்போது அவளிடமே கேளுங்கள்.

குழந்தை மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ இந்த வாரமே அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். மருத்துவர் பார்க்கும் வரை ஓட வேண்டாம் என்று பள்ளி கோச்சுக்கு நீங்களே எழுதிவிடுங்கள், அந்த ஒரு மெயிலை மட்டும் பெற்றோர் எழுதலாம். காமன் ஆப் அடுத்த வருடம் ஆகஸ்ட் 1 அன்றுதான் அவளுக்காகத் திறக்கும், அதுவரை நேரம் இருக்கிறது.